பச்சை வாடை

நேயர்களுக்கு வணக்கம்.

சமையலறையில் நாள் தவறாமல் நாம் சொல்லும் ஒரு வாக்கியம் உண்டு. ‘பச்சை வாடை போகட்டும்.’ மசாலா அரைத்து ஊற்றினால் சொல்வோம், தக்காளி வதக்கினால் சொல்வோம், புளியைக் கரைத்து விட்டாலும் சொல்வோம். என் அம்மா சட்டியின் மூடியைத் தூக்கி, மோந்து பார்த்து, ‘இன்னும் போகலை’ என்று திரும்ப மூடிவிடுவாள். அடுப்படியில் பாதி வேலை இந்த வாடையை விரட்டுவதுதான். அறுபத்து மூன்று வயது வரைக்கும் நானும் விரட்டிக்கொண்டுதான் இருந்தேன். போன ஐப்பசியில், அதே வாடையை ஒருத்தி மெனக்கெட்டுப் பிடித்துக் குப்பியில் அடைத்து விற்கிறாள் என்று தெரிந்தது.

குப்பியைக் கொண்டு வந்தவள் என் அண்ணன் மகள். இங்கிலாந்தில் சவுத்தாம்ப்டனில் வேலை. விடுமுறைக்கு வந்தவள், எல்லோருக்கும் சாக்லேட் கொடுத்துவிட்டு, என்னைத் தனியாகக் கூப்பிட்டு, ‘அத்தை, இது வேற யாருக்கும் பிடிக்காது. உங்களுக்குப் பிடிக்கும்னு நெனைக்கேன்’ என்றாள். கையில் சுண்டு விரலில் பாதி நீளத்துக்கு ஒரு கண்ணாடிக் குழாய். இரண்டு மில்லி இருக்கும். ‘செண்ட்’ என்றாள்.

செண்ட் என்றதும் என் மனசில் வந்தது கல்யாண வீட்டு வாசல். பன்னீர்ச் செம்பு, சந்தனக் கும்பா, ரோஜா அத்தர் பூசிய மாமாக்கள். அந்த நினைப்போடு மோந்து பார்த்தேன். தூக்கிவாரிப் போட்டது. பூவும் இல்லை, இனிப்பும் இல்லை, ஒரே கசப்பு. குலை வெட்டின வாழையில் வெட்டுவாயிலிருந்து நீர் வடியுமே, அது. பச்சைப் பட்டாணி உரித்துப் போட்ட தொலி. அதற்குப் பின்னால் ஒரு பிசின் வாடை. அந்தப் பிசின் எனக்கு நன்றாகத் தெரிந்த ஆள் மாதிரி இருந்தது. பெயர்தான் நாக்கில் வரவில்லை.

என்னைப் பற்றி இந்த இடத்தில் சொல்லிவிட வேண்டும். முப்பது வருடத்துக்கு மேல் பள்ளிக்கூடத்தில் வேதியியல் வாத்தியாராக இருந்தவள் நான். அதற்கு முன்பு திருநெல்வேலி டவுனில் ஒரு நாட்டு மருந்துக் கடையில் வளர்ந்தவள். அப்பா கடை. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் நேரே கடைக்குத்தான். சாக்குகளுக்கு நடுவில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவேன். கண்ணை மூடிக்கொண்டு கோரைக்கிழங்கு எது, கிச்சிலிக்கிழங்கு எது என்று சொன்னால் அப்பா ஒரு துண்டு பனங்கற்கண்டு கொடுப்பார். ஆக, மூக்கு விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

குப்பியின் கதைக்கு வருகிறேன். அந்த வாசனையின் பெயர் ட்ரையாட். 2017-இல் வந்தது. செய்தவர் லிஸ் மூர்ஸ் என்ற பெண்மணி. சவுத்தாம்ப்டனுக்குப் பக்கத்தில் நியூ ஃபாரஸ்ட் என்று ஒரு காடு இருக்கிறது. பெயர் புதுக்காடு என்றாலும் 1079-ஆம் ஆண்டு வாக்கில் ஒரு ராஜா வேட்டைக்காக ஒதுக்கிய காடு அது. இன்றைக்கும் அங்கே குதிரைகள் சாலையில் தம்பாட்டுக்கு நடமாடுகின்றன. அந்தக் காட்டுப் பக்கம் குடியிருந்துகொண்டு, யாரிடமும் போய்ப் படிக்காமல் தானே கற்றுக்கொண்டு, வாசனை கலக்கிறார் லிஸ் மூர்ஸ்.

ட்ரையாட் என்றால் கிரேக்கக் கதைகளில் ஓக் மரத்தில் குடியிருக்கும் பெண் தெய்வம். நம் கணக்கில் வனப்பேச்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். பேச்சிக்கு நாம் பொங்கல் வைப்போம், கிடா வெட்டுவோம். அவளுக்கு ஒரு செண்ட் செய்யலாம் என்று மட்டும் நம்மில் யாருக்கும் தோன்றவில்லை.

தனி ஆளாகச் செய்வதில் என்ன விசேஷம் என்று கேட்பீர்கள். பெரிய கடைகளில் கண்ணாடி அலமாரிக்குள் மினுங்கும் வாசனைகளில் பெரும்பாலானவற்றை, குப்பியில் பெயர் போட்டிருக்கும் கம்பெனி கலப்பதில்லை. ஜிவாடன், சிம்ரைஸ் மாதிரி சில பெரிய நிறுவனங்களின் ஆட்கள்தான் கலந்து கொடுக்கிறார்கள். கடைக்கு வருமுன் நிறையப் பேரிடம் மோந்து பார்க்கச் சொல்லி அபிப்பிராயம் கேட்பதும் உண்டு. முகம் சுளிக்க வைப்பது எதுவோ அது அங்கேயே குறைந்துவிடும். புதுக்காட்டு அம்மாளுக்கு அந்தத் தொந்தரவு கிடையாது. கசப்பு வேண்டும் என்றால் கசப்புதான்.

இனி அந்தப் பிசின். அண்ணன் மகள் போனைப் பார்த்து, ‘கால்பனம்னு போட்டிருக்கு அத்தை’ என்றாள். எனக்கு அது புதுப் பெயர். தேடிப் படித்தேன், சிரிப்பு வந்துவிட்டது. ஈரான் மலைகளில் வளரும் ஒரு செடி. தண்டிலும் வேர்ப்பக்கத்திலும் கீறிவிட்டால் பால் வடியும், அதைக் காய வைத்து எடுப்பது. செடியின் இனம் ஃபெருலா. பெருங்காயமும் ஃபெருலாதான்! இரண்டும் கூடப்பிறந்தவை. ஒன்று நம் சாம்பாருக்கு வந்தது, மற்றது பாரிசுக்குப் போய்விட்டது. அப்பா கடையில் பால் பெருங்காய மூட்டையைப் பிரிக்கும்போது, அந்தக் காரத்துக்கு அடியில் ஒரு பச்சை நெடி கிளம்பும். அதைத்தான் என் மூக்கு அடையாளம் கண்டிருக்கிறது.

கால்பனத்தில் இருக்கும் பச்சை நெடிக்குக் காரணமான பொருள்களில் ஒரு வகை பைரசின். குடமிளகாயை நறுக்கும்போது வருவதும் அதே குடும்பம்தான். குடமிளகாய்க்கு அந்த மணத்தைத் தரும் பைரசின், தண்ணீரில் லட்சம் கோடிப் பங்கில் இரண்டு பங்கு இருந்தாலே நம் மூக்குக்குத் தெரிந்துவிடும். வகுப்பில் இதைச் சொல்லியிருந்தால் பின்வரிசைப் பையன்கள்கூட நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார்கள். பாடப் புத்தகத்தில் இல்லை, நானும் சொல்லவில்லை.

கால்பனத்தை முதலில் தைரியமாகக் கையாண்டவரும் ஒரு பெண்தான். ஜெர்மேன் செல்லியே. 1947-இல், பால்மேன் என்ற பிரெஞ்சு உடை நிறுவனத்துக்காக, கால்பனத்தைத் தாராளமாகக் கொட்டி ஒரு வாசனை செய்தார். அதன் பெயரைப் பிரெஞ்சுக்காரர்கள் சொல்வது தமிழ்க் காதுக்கு ‘வான் வேர்’ என்றே கேட்கும். அர்த்தம் பச்சைக் காற்று. பிரெஞ்சுக்குத் தமிழ் கடன் கொடுத்த நிஜ வேர் ஒன்றும் இருக்கிறது. வெட்டிவேர். வாசனைத் தொழிலில் உலகம் முழுக்க ‘வெட்டிவெர்’ என்றே புழங்குகிறது. ஹைத்தியில் விளைந்தாலும் ஜாவாவில் விளைந்தாலும் அதற்கு நம் பெயர்தான்.

ட்ரையாட்டில் இன்னொன்று, ஓக் மரப் பட்டையில் படரும் பாசி. பாசி என்று பேருக்குச் சொல்கிறோம். உண்மையில் அது பூஞ்சையும் பாசியும் ஒன்றாகக் குடித்தனம் நடத்தும் ஓர் உயிர். கறி மசாலாவில் போடுகிறோமே கல்பாசி, அதுவும் இதே குடும்பம். நர்சிசஸ் என்று ஒரு பூவும் உண்டு. பூ என்றாலும் வைக்கோலும் மாட்டுத் தொழுவமும் கலந்த ஒரு மணம். இவை போக, அடி ஆழத்தில் எனக்குக் கோஷ்டம் என்கிற மருந்து வேர் மாதிரி ஒன்று தட்டுப்பட்டது. ரெண்டு நாள் எண்ணெய் வைத்துக் குளிக்காத தலைமுடி வாடை. கோஷ்டத்தின் அசல் வேர் எண்ணெயை வாசனைத் தொழிலில் இப்போது சேர்ப்பதில்லை, தோலுக்கு ஒவ்வாமை வரும் என்று நிறுத்திவிட்டார்கள். அதைப் போலவே வேறு பொருள்களால் கட்டிவிடுகிறார்கள்.

சரி, வீட்டுக்குள் உட்கார்ந்து மோந்தால் இது சரிப்படாது என்று தோன்றியது. கல்லிடைக்குறிச்சியில் அக்கா இருக்கிறாள். ரெண்டு மணிக்கட்டிலும் ஒவ்வொரு சொட்டு வைத்துக்கொண்டு செங்கோட்டை ரயிலில் ஏறினேன், ஜன்னல் ஓரம்.

டவுன் ஸ்டேஷன் தாண்டும்போது கசப்பு உச்சத்தில் இருந்தது. எதிரே இருந்த பெரியவர் மூக்கை ரெண்டு தடவை உறிஞ்சிவிட்டு, ‘பையில வெத்தலைக் கட்டு வச்சிருக்கியளா?’ என்று கேட்டார். செண்ட் என்று கையை நீட்டினேன். மோந்து பார்த்தார். ‘செண்ட்டு எதுக்கு வெத்தலை வாடை அடிக்கு?’ என்றார். நியாயமான கேள்வி. ஆனால் வெற்றிலை என்பது எனக்கு அதுவரை தோன்றவே இல்லை. கொடியிலிருந்து கிள்ளின காம்பின் அந்த லேசான காரம். சரியாகத்தான் பிடித்திருக்கிறார்.

பேட்டை கழிந்ததும் வயல். பிசான நடவு நேரம். நாற்றங்காலில் பெண்கள் நாற்றைப் பறித்து, சேற்றை அலசி, முடி போட்டுக்கொண்டிருந்தார்கள். ஜன்னல் வழியாக அந்த வாடை உள்ளே வந்ததும் என் கையை மோந்தேன். எது ரயிலுக்கு வெளியே, எது என் கையில் என்று பிரிக்க முடியவில்லை.

இலை முழுசாக இருக்கும் வரை இந்த வாடை வராது. அறுத்தாலோ கசக்கினாலோ புழு கடித்தாலோதான் வரும். செல் உடைந்ததும், சவ்வில் இருக்கும் லினோலெனிக் அமிலத்தை நொதிகள் வெட்டி, சில நொடிகளில் ஹெக்செனல் என்ற ஆறு கார்பன் பொருளை உண்டாக்குகின்றன. வெட்டின புல்லின் முதல் மூச்சு அதுதான். அப்புறம் அது ஹெக்செனாலாக மாறும். வாசனைக்காரர்கள் இதை இலை ஆல்கஹால் என்கிறார்கள். வகுப்பில் சொன்னால் ‘இலைச் சாராயமா டீச்சர்?’ என்பார்கள். புழு தின்னும் செடியிலிருந்து கிளம்பும் இந்த வாடையை மோப்பம் பிடித்துக்கொண்டுதான் சில குளவிகள் வந்து அந்தப் புழுவின் மேல் முட்டையிடுகின்றன. நமக்கு ஐப்பசிக் குளிர்ச்சியாகத் தெரிவது செடியின் காயம். இது தெரிந்த பிறகும் எனக்கு அந்த வாடை பிடித்துத்தான் இருக்கிறது, என்ன செய்ய.

சேரன்மகாதேவிக்கு மேல் வாழைத் தோப்புகள். காருகுறிச்சி, வீரவநல்லூர் வரும்போது கசப்பு இறங்கி, பாசியும் ஈர மண்ணும் மேலே வந்திருந்தன. குற்றாலத்துக்குப் போகிற வழியில் பாறை இடுக்கில் கையை வைத்தால் வருமே, அந்த வழுவழுப்பு. ஒரு குறையும் சொல்ல வேண்டும். மூன்று மணி நேரம் போனால் சாம்பிராணி மாதிரி ஓர் இனிப்பு வந்து உட்கார்ந்துகொள்கிறது. காட்டுக்குள் கூட்டிக்கொண்டு போய்க் கடைசியில் பூஜை அறையில் கொண்டு விட்ட மாதிரி. எனக்குக் காட்டிலேயே விட்டிருக்கலாம். விலையையும் கேட்டேன். முழுக் குப்பி வாங்குகிற எண்ணம் எனக்கு இல்லை.

அக்காவிடம் எதுவும் சொல்லாமல் கையை மட்டும் நீட்டினேன். எழுபத்து நாலு வயது, கண் மங்கல். தெருவில் யார் வீட்டிலோ அப்பளம் காய்ந்துகொண்டிருந்தது. என் மணிக்கட்டைப் பிடித்து மூக்கோடு வைத்து, ரொம்ப நேரம் விடவில்லை.

‘என்னளா இது? மழை நாள்ல அப்பா கடையைத் தெறந்தா அடிக்குமே, அந்த வாடையால்லா இருக்கு!’

சாக்கு நனைந்துவிடக் கூடாது என்று அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மூட்டைகளைப் பலகை மேல் ஏற்றுவார். நாங்கள் ரெண்டு பேரும் ஆளுக்கொரு ஓரம் பிடிப்போம். அதைப் பற்றி அன்றைக்கு ராத்திரி வரை பேசிக்கொண்டிருந்தோம்.

குப்பியில் இன்னும் நாலைந்து சொட்டு இருக்கிறது. அஞ்சறைப்பெட்டிப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். அக்கா தைக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறாள், அதுவரை திறக்கப் போவதில்லை.

வணக்கம்.