படிக்கட்டும், கடன் மட்டும் வேண்டாம்

நடுவர் அவர்களுக்கும், இந்தப் புழுக்கத்திலும் வந்து உட்கார்ந்திருக்கும் வேலூர் மக்களுக்கும் வணக்கம். கலைப் பட்டத்துக்கு வாங்கும் கல்விக் கடன் முதலீடா, சுமையா என்பது தலைப்பு. சுமைதான் என்று பேச வந்திருக்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நானும் வரலாறு படித்தவன்தான். 1806 ஜூலை 10 அன்று நம்ம கோட்டைக்குள் சிப்பாய்கள் ஏன் துப்பாக்கியைத் திருப்பினார்கள் என்று வகுப்பில் கேட்ட பிறகுதான், தினமும் பஸ்ஸில் கடந்து போன அந்த அகழி எனக்கு வேறு மாதிரி தெரிய ஆரம்பித்தது. அந்தப் படிப்பை மட்டம் தட்ட எங்கள் அணி வரவில்லை. எங்கள் சண்டை முழுக்கக் கடனோடுதான்.

எதிரணி அண்ணன் கேட்டார்: எஞ்சினியரிங்குக்கு எட்டு லட்சம் வாங்கினால் யாரும் வாய் திறப்பதில்லை, பி.ஏ. படிக்க மூன்று லட்சம் வாங்கினால் மட்டும் ஏன் குறுக்கே விழுகிறீர்கள்? நியாயமான கேள்வி. எட்டு லட்சமும் ஆபத்துதான், ஆனால் இன்றைய வழக்கு மூன்று லட்சத்தைப் பற்றியது, அதனால் அதற்கே கணக்குப் போடுவோம். வருடத்துக்கு ஒரு லட்சம் வீதம் மூன்று வருடம் வாங்குகிறீர்கள், வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். படிக்கும் காலத்திலும் அடுத்த ஒரு வருடத்திலும் தவணை கிடையாது, ஆனால் வட்டி ஏறிக்கொண்டே இருக்கும், தனிவட்டியாகப் பார்த்தாலே 90,000 ரூபாய். ஆக, கட்டத் தொடங்கும்போது கடன் 3,90,000. பத்து வருடத் தவணை என்றால் மாதம் சுமார் 5,150 ரூபாய், மொத்தமாகக் கட்டி முடிப்பது ஆறு லட்சத்துக்கு மேல். முதல் வேலையில் 15,000 சம்பளம் என்றால் மூன்றில் ஒரு பங்கு வீட்டு வாசலுக்கு வருவதற்கு முன்பே போய்விடும்.

எதிரணி அக்கா இதற்குப் பதில் போல ஒன்று சொன்னார், அரசுப் பள்ளியில் பட்டதாரி ஆசிரியருக்கு அடிப்படைச் சம்பளமே 36,400, அதில் 5,150 ஒரு பெரிய தொகையா என்று. உண்மை, அந்தச் சம்பளத்தில் பெரிய தொகை இல்லை. ஆனால் அந்த நாற்காலிக்கு எப்போது போய்ச் சேர்வோம் அக்கா? மூன்று வருடம் பட்டம், இரண்டு வருடம் பி.எட்., பிறகு டெட் என்கிற ஆசிரியர் தகுதித் தேர்வு, அதற்கும் மேல் ஆசிரியர் தேர்வு வாரியத்தின் போட்டித் தேர்வு, அதுவும் அறிவிப்பு வந்தால்தான். வங்கியோ பட்டம் முடிந்த ஒரே வருடத்தில் கதவைத் தட்டுகிறது. மேற்படிப்பைக் காட்டி அவகாசம் கேட்கலாம், சில நேரம் கொடுப்பார்கள், ஆனால் வட்டிக்கு யாரும் அவகாசம் கொடுப்பதில்லை. கலைப் பட்டம் மெதுவாகப் பலன் தரும் படிப்பு, ஆனால் நிச்சயமாகப் பலன் தரும், அதை நான் முழுசாக நம்புகிறேன். நாற்று நட்ட மறுநாளே குத்தகை கேட்டு நிற்பவனிடம் கை நீட்டிவிட்டு அந்தப் பயிரை வளர்க்காதீர்கள் என்றுதான் சொல்கிறோம்.

சரி, அரசாங்கம் வட்டி மானியம் தருகிறதே என்றார்கள். தருகிறது. 4.5 லட்சத்துக்குள் வருமானம் உள்ள குடும்பங்களுக்கு 2009இல் கொண்டுவந்த அந்த மத்தியத் திட்டம் தொழிற்படிப்புக்கும் தொழில்நுட்பப் படிப்புக்கும்தான். பி.ஏ. தமிழ் படிக்கும் பிள்ளைக்கு அதில் இடமில்லை. 2024இல் வந்த பி.எம். வித்யாலட்சுமி என்ற மத்தியக் கல்விக் கடன் திட்டத்தில் பாடப் பாகுபாடு இல்லை, ஆனால் அது தரவரிசையில் மேலே இருக்கிற கல்லூரிகளுக்கு மட்டும்.

அடுத்து கையெழுத்து. நாலு லட்சம் வரை அடமானம் வேண்டாம் என்றுதான் விளம்பரத்தில் சொல்வார்கள். ஆனால் நைனாவோ அம்மாவோ சேர்ந்து கையெழுத்துப் போடாமல் பணம் வராது. ஆம்பூரில் ஷூ கம்பெனிக்குப் போகிற அம்மா, குடியாத்தத்தில் தறி ஓட்டுகிற நைனா, மகன் நாலு தவணை தவறினால் கடனை ஒழுங்காகக் கட்டுகிறவரா என்று வங்கிகள் பார்க்கும் இவர்களுடைய சிபில் மதிப்பெண்ணும் சேர்ந்து விழும். நாளைக்கு வீட்டுக்கு ஓடு மாற்றக்கூட வங்கி கடன் தராது. பிள்ளை விரும்பியதைப் படிக்கட்டும் என்று மனதார ஒத்துக்கொண்டவர்களை இப்படி மாட்டிவிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

எதிரணித் தலைவர் டாக்டர் ராதாகிருஷ்ணனைக் கொண்டுவந்தார். நம்ம ஊரிசுக் கல்லூரியில் படித்தவர், தத்துவம் படித்து நாட்டுக்கே குடியரசுத் தலைவர் ஆனவர், அவரைப் பார்த்தும் தயங்குவதா என்றார். ஐயா, அவர் எங்கள் அணி! படித்தது உதவித்தொகையில். சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் தத்துவத்தை எடுத்ததற்கே, உறவினர் ஒருவர் தன் தத்துவப் புத்தகங்களைக் கொடுத்ததுதான் காரணம் என்று அவருடைய வாழ்க்கை வரலாற்றில் சொல்வார்கள். செலவைப் பார்த்துப் படித்ததால் அவருடைய தத்துவம் குறைந்தா போய்விட்டது?

கடைசியாக, கடன் இல்லாமல் ஏழைப் பிள்ளை எங்கே போகும் என்று கேட்டீர்கள். ஓட்டேரியில் முத்துரங்கம் அரசு கலைக் கல்லூரிக்குப் போகட்டும். குடியாத்தத்தில் திருமகள் ஆலைக் கல்லூரி இருக்கிறது, வாலாஜாவில் பெண்களுக்கென்றே அரசுக் கல்லூரி இருக்கிறது, செய்யாறு இருக்கிறது. இங்கெல்லாம் இளநிலைக்குக் கற்பிப்புக் கட்டணம் கிடையாது, மற்றதெல்லாம் சேர்ந்தாலும் வருடத்துக்குச் சில ஆயிரம்தான். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000, மூன்று வருடத்தில் 36,000 ரூபாய். பையன்களுக்கும் 2024இலிருந்து தமிழ்ப் புதல்வன் வந்துவிட்டது. ஒருபக்கம் 3,90,000 கடன், இன்னொருபக்கம் கையில் 36,000 ரூபாய், பட்டம் அதே பி.ஏ.

கேட்ட பாடம் கிடைக்காமல் போகலாம், அதை மறுக்கவில்லை. அதற்காகத்தான் இணையத்தில் ஒரே விண்ணப்பத்தில் பல அரசுக் கல்லூரிகளைக் குறிக்கலாம் என்று வைத்திருக்கிறார்கள், ஒரே கல்லூரியை மட்டும் குறித்துவிட்டுக் காத்திருக்காதீர்கள். பிளஸ் டூ முடிவு வந்ததும் தனியார் கல்லூரி ஏஜெண்டின் போனை எடுப்பதற்கு முன்னால் அந்த விண்ணப்பத்தைப் போட்டுவிடுங்கள். நடுவர் அவர்களே, நன்றி, வணக்கம்.