லோஃப், லார்ட், ஹ்லெப்

வரும் வழியில் பேக்கரியில் நின்று இதை வாங்கினேன். துண்டு போடாத முழு ரொட்டி. இங்கிலீஷில் இதற்கு 'லோஃப்' என்று பெயர். இதையே ஒரு ரஷ்யர் கையில் கொடுத்தால் 'ஹ்லெப்' என்பார். இரண்டும் ஒரே சொல்தான். பழைய ஆங்கிலத்தில் இது 'ஹ்லாஃப்'. முன்னால் இருந்த ஹகரத்தை ஆங்கிலேயர் விழுங்கிவிட்டார்கள். ரஷ்யர் முதலான ஸ்லாவியர் இன்னும் அதைத் தொண்டையிலிருந்து நன்றாகக் காறிச் சொல்கிறார்கள்.

யார் யாரிடம் வாங்கியது? ஸ்லாவியர்தான் ஜெர்மானியரிடம் (இன்றைய ஜெர்மனிக்காரர் அல்ல, ஆங்கிலேயரின் முன்னோரும் சேர்ந்த பழைய இனக்கூட்டம்) வாங்கினார்கள் என்பது பெரும்பாலான அறிஞர்களின் முடிவு. 3, 4ஆம் நூற்றாண்டுகளில் கருங்கடலுக்கு வடக்கே, இன்றைய உக்ரைன் பக்கம், கோத்துகள் என்ற ஜெர்மானிய இனத்தார் இருந்தார்கள். அவர்கள் மொழியில் ரொட்டி 'ஹ்லைஃப்ஸ்'. ஸ்லாவியருக்கு அதற்கு முன் தானியமே தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். புளிக்க வைத்து அடுப்பில் சுட்ட ரொட்டியோடு சேர்ந்து சொல்லும் வந்திருக்கலாம் என்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் 'பாண்' போர்த்துக்கீசியரோடு வந்து இறங்கவில்லையா, அந்த மாதிரி.

எழுத்தில் பார்க்க வேண்டுமா? 4ஆம் நூற்றாண்டில் வுல்ஃபிலா என்ற ஆயர் பைபிளைக் கோத்துகளின் மொழியான கோத்திக்கில் பெயர்த்தார். அதன் பிரதி ஒன்று, ஊதா நிறத் தோலில் வெள்ளி மையால் எழுதியது, ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. 'எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்' என்று நம்மூர்க் கிறிஸ்தவர்கள் ஜெபிக்கும் இடத்தில், அதில் 'ஹ்லைஃப்' இருக்கிறது. பழைய ஸ்லாவிய ஜெபத்தில் அதே இடத்தில் 'ஹ்லெப்'.

சரி, இங்கிலாந்துக்குப் போவோம். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். 'லார்ட்' என்கிறோமே, பிரபு, ஆண்டவர், அந்தச் சொல்லின் பழைய வடிவம் 'ஹ்லாஃப்வேர்ட்'. ரொட்டியைக் காப்பவன் என்று அர்த்தம். 'லேடி' யார்? ரொட்டிக்கு மாவு பிசைபவள். மாவு ஒட்டிய கையோடு நின்றவள்தான் பிற்பாடு சீமாட்டி ஆனாள்! பிரபுக்கள் சபையில் உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு இது நினைவிருக்குமா, தெரியாது.

காப்பவன் இருந்தால் தின்பவனும் இருக்க வேண்டுமே. அவன் 'ஹ்லாஃப்ஏட்டா', ரொட்டி தின்பவன். ஒரு வீட்டை அண்டிப் பிழைக்கிற ஆள். கி.பி. 600 வாக்கில் கென்ட் அரசர் ஏதல்பெர்ட் போட்ட சட்டத்தில் அவன் வருகிறான். ஒரு குடியானவனின் ரொட்டி தின்பவனைக் கொன்றால் 6 ஷில்லிங் ஈடு கட்ட வேண்டும். நாம் செஞ்சோற்றுக் கடன் என்று சொல்வதை அவர்கள் கணக்குப் போட்டே வைத்திருந்தார்கள்.

அப்புறம் ஆங்கிலத்தில் 'பிரெட்' வந்து உட்கார்ந்துகொண்டது. 'லோஃப்' முழு ரொட்டியை எண்ணுவதோடு சுருங்கியது. ரஷ்யாவில் நேர் எதிர். அங்கே ஹ்லெப் என்றால் சுட்ட ரொட்டி மட்டுமில்லை, வயலில் நிற்கும் தானியமும் அதுதான், பிழைப்பும் அதுதான். கல்யாண வீட்டில் பெரிய வட்ட ரொட்டியின் நடுவே உப்புக்கிண்ணம் வைத்து, பூவேலைத் துண்டில் ஏந்தி நிற்பார்கள். ஒரு விள்ளல் பிய்த்து உப்பில் தொட்டு வாயில் போட வேண்டும். 'ஹ்லெப்-சோல்', ரொட்டி-உப்பு, என்றாலே விருந்தோம்பல். 1941 நவம்பரில், ஜெர்மன் படையின் முற்றுகையில் இருந்த லெனின்கிராடில் (இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்) வேலைக்குப் போகாதவருக்கு ஒரு நாளைக்கு 125 கிராம் ஹ்லெப் கிடைத்தது. இந்த ரொட்டியில் இத்தனூண்டு, பாருங்கள்.

ரொட்டி தின்பவன் அங்கேயும் உண்டு. பெயர் 'நஹ்லெப்னிக்'. ஒரு காலத்தில் காசு கொடுத்து வீட்டில் சாப்பிடுகிறவனையும் அப்படிச் சொன்னார்கள். இன்றைக்கு அது வசவு. தமிழில் பெயர்க்கச் சொன்னால் அகராதியைத் தேட மாட்டேன்: தண்டச்சோறு.