இரத்மலானையில இருந்து பலாலி: ஜன்னலுக்குக் கீழ தெரிஞ்ச கறுப்புப் பொட்டுகள்!

வணக்கம் மக்களே! விமானத்தில ஏற முன்னம் பெட்டியை நிறுப்பாங்க, தெரியும். உங்களையே தராசில ஏத்தினா? யாழ்ப்பாணத்துப் பலாலிக்குப் பறக்க, போன சனிக்கிழமை கொழும்புக்குப் பக்கத்தில இருக்கிற இரத்மலானைக்குப் போன எங்களுக்கு அதுதான் நடந்தது. குட்டி விமானத்தில முன்னுக்கு எவ்வளவு பாரம், பின்னுக்கு எவ்வளவு என்ற கணக்குப் பார்த்துத்தான் சீட்டே தருவாங்க.

1935ல திறந்த, இலங்கையின் முதல் விமான நிலையம் இது. வரலாறு போதும், பறப்போம்!

நாங்க போனது செஸ்னா கேரவன். ஒற்றை எஞ்சின். இறக்கை தலைக்கு மேல இருக்கிறதால எந்த ஜன்னலாலயும் நிலம் மறையாது. பெரிய விமானங்கள் போல ரொம்ப உயரத்துக்கும் போகாது. எனக்குப் பிடிச்சதே அதுதான்.

வில்பத்துக் காடு, மன்னாரில கட்டுக்கரைக்குளம், அதுக்குக் கீழ பச்சை வயல். கடல்நீரேரியைத் தாண்டி யாழ்ப்பாணத்துக்குள்ள வந்ததும் நிறமே மாறுது. செம்மண், சின்னச் சின்னத் தோட்டங்கள், அதுகளுக்கு நடுவில கறுப்புப் பொட்டுகள். அத்தனையும் கிணறு!

இங்க வருசம் முழுக்க ஓடுற ஆறு இல்லை. வழுக்கையாறும் மழைக்குத்தான் ஓடும். மழைத்தண்ணி சுண்ணாம்புக்கல்லுக்குள்ள இறங்கி, அடியில இருக்கிற உப்புத்தண்ணிக்கு மேல மிதக்குது, பாலுக்கு மேல ஆடை மாதிரி. இப்ப கவனமாக் கேளுங்க: கடல் மட்டத்துக்கு மேல நல்லதண்ணி ஒரு அடி நின்றா, கீழ ஏறக்குறைய 40 அடிக்கு நல்லதண்ணி இருக்கும். அந்த ஒரு அடியை இறைச்சுத் தீர்த்தா? அடியில இருக்கிற உப்பு மேல ஏறத் தொடங்கும். புத்தூர் நிலாவரைக் கிணத்தில ஆழம் போகப் போகத் தண்ணி உப்பாகிறது இதாலதான்.

முந்தி துலாவில, அதுதான் கிணத்தில தண்ணி இறைக்கிற நீட்டு மரத்தில, ஒருத்தர் ஏறி நடக்க, கீழ ஒருத்தர் தண்ணி அள்ளுற பட்டையைப் பிடிச்சு ஊத்துவார். ஆள் களைச்சா கிணறும் இளைப்பாறும். வோட்டர் பம் களைக்காது. எனக்குப் பயமே அங்கதான்.

உங்க வீட்டுக் கிணறு எப்படி? ஊர்ப் பேரோட கமெண்டில எழுதுங்க, ஒவ்வொன்றையும் வாசிப்பேன்.

சுன்னாகத்தில ஒரு வெங்காயத் தோட்டம். ஐயா ஒருத்தர் மண்வெட்டியால வாய்க்காலை வெட்டி, நிரம்பின பாத்தியை மறிச்சு, அடுத்த பாத்திக்குத் தண்ணியைத் திருப்பிக்கொண்டு நின்றார். எனக்கும் ஒரு செம்பில கிணத்துத் தண்ணி தந்தார். குடிச்சேன். நல்ல ருசி.

"கரிக்கேல்லையே ஐயா?"

"இப்ப கரிக்காது தம்பி. ஆடி, ஆவணியில வந்து குடிச்சுப் பாருங்கோ."