பூச்சாண்டிக்கும் பொம்மைக்கும் ஒரே முதலாளி

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். ஹாலிவுட் தயாரிப்பாளர் ராய் லீ குழந்தைகள் படமும் பேய்ப்படமும் எடுப்பது கலை ஆசையாலா, கல்லாப்பெட்டி ஆசையாலா? கலை ஆசைதான் என்று பேச வந்திருக்கிறேன்.

சட்டம் படித்து, வக்கீல் வேலையை விட்டுவிட்டு சினிமாவுக்கு வந்தவர் அவர். ஜப்பானியப் பேய்ப்படம் ஒன்று 2002இல் அமெரிக்காவில் 'தி ரிங்' ஆனபோது நிர்வாகத் தயாரிப்பாளர். 2014இல் பொம்மைக் கட்டைகளின் உலகைக் காட்டும் குழந்தைகள் படம் 'தி லெகோ மூவி', 2017இல் பேய்ப்படம் 'இட்', இரண்டிலும் தயாரிப்பாளர்களில் ஒருவர். இது போதும், மீதிக்கு நேரமில்லை.

எதிரணித் தம்பி சொன்னார்: "ஒரு கையில் பஞ்சுமிட்டாய், இன்னொரு கையில் பூச்சாண்டி. இரண்டிலும் விலைச்சீட்டு தொங்குகிறது." நன்றாகக் கைதட்டினீர்கள், நானும் தட்டினேன். தம்பி, உங்கள் அம்மா உங்களுக்கு எப்படிச் சோறு ஊட்டினார்? நிலாவைக் காட்டி ஒரு வாய். அடம்பிடித்தால் பூச்சாண்டியைக் காட்டி அடுத்த வாய். கிண்ணம் காலியானதும் பில்லா நீட்டினார்? 'இட்' சுமார் 3.5 கோடி டாலரில் எடுத்து 70 கோடி டாலர் வசூலித்தது என்று எதிரணித் தம்பி கணக்கும் சொன்னார். சரி, ஒப்புக்கொள்கிறேன். நான் கணக்கில் வீக்.

நடுவர் அவர்களே, ஒரு ராத்திரி நானும் என் மனைவியும் 'தி ரிங்' பார்த்தோம். அதில் ஒரு வீடியோ கேசட். பார்த்து முடித்ததும் போன் அடிக்கும். எடுத்தால் "ஏழு நாள்" என்று ஒரு குரல். ஏழாம் நாள் ஆள் காலி.

படம் முடிந்தது. விளக்கை யார் போடுவது என்று இரண்டு பேரும் உட்கார்ந்திருக்கிறோம். போன் அடித்தது.

"நீங்க எடுங்க" என்றாள். "உனக்குத்தான் இருக்கும்" என்றேன். நின்றுவிட்டது. அப்பாடா என்று மூச்சு விட்டோம். மறுபடியும் அடித்தது! திருமணத்தன்று அக்னி சாட்சியாகக் கைப்பிடித்தவள், என் கையைப் பிடித்து அந்தப் போன் மேலேயே வைத்தாள். எடுத்தேன். கொரகொரவென்று சத்தம். அதற்குள் மெல்ல ஒரு பெண் குரல்: "ஏழு நாள்..."

அவ்வளவுதான், லைன் கட்.

எனக்குக் கை ஓடவில்லை, கால் ஓடவில்லை. மூன்றாவது முறை அடித்தது. அதே குரல்: "மாப்பிள்ளை, லைன் சரியில்ல. நாளைக்கு வர்றேன். ஏழு நாள் இருப்பேன்."

என் மாமியார்! நடுவர் சிரிக்கிறார், அவர் வீட்டுக்கும் போன் வந்திருக்கிறது போல.

மறுநாள் வந்தார். பேரனோடு தரையில் உட்கார்ந்து 'லெகோ மூவி' பார்த்தார். ஒரு வார்த்தை ஆங்கிலம் தெரியாது. கடைசியில் பொம்மை உலகம் முழுக்க ஒரு வீட்டு நிலவறையில் இருப்பது தெரியவரும். கட்டியது கலையாமல் இருக்க அப்பா பசை போட்டு ஒட்டப் பார்ப்பார், மகன் விளையாடத் தவிப்பான். அத்தை என்னைத் திரும்பிப் பார்த்துக் கேட்டார்: "அந்த மனுஷன் ஏன் ஒட்டுறாரு? புள்ள விளையாடட்டுமே."

அந்த ஏழு நாளில் பாட்டியும் பேரனும் சேர்ந்து கட்டைகளால் ஒரு வீடு கட்டினார்கள். ஒரு பக்கம் சாய்ந்த வீடு. வாசலில் தலையில்லாத பொம்மை ஒன்று. அது தான்தான் என்று சொல்லிச் சிரிப்பார்.

இப்போது அத்தை இல்லை. போன மாதம் பையன் அந்தக் கட்டைகளை எடுத்துக் கப்பல் கட்டப் போனான். "தொடாதே" என்று கத்திவிட்டேன். அவன் மிரண்டு நின்றான். அன்று ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு, நடுவர் அவர்களே, நான் பசை டப்பாவைத் தேடி எடுத்தேன்.

தீர்ப்பை நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள். வணக்கம்.