மல்லாட்டையின் தாய்நாட்டில் ஆறு நாள்

நேயர்களுக்கு வணக்கம்.

'வெளியூரில் ஓய்வாகத் தங்குவது' பற்றிப் பேசவேண்டும் என்று வானொலி நிலையத்திலிருந்து அழைத்தபோது, ஆள் மாறிக் கூப்பிட்டுவிட்டார்களோ என்றுதான் முதலில் நினைத்தேன். முப்பத்தொரு வருடம் வேளாண்மைத் துறையில் இருந்தவன் நான். திண்டிவனம், மயிலம், செஞ்சி என்று மல்லாட்டை, அதாவது நிலக்கடலைக் கொல்லைகளில் வெயிலில் அலைந்தே காலம் போய்விட்டது. தங்கியது என்றால் ஆய்வு மாளிகைகள்தான், அதுவும் கொசுவோடு. ஆனால் ஓய்வு பெற்றபிறகு ஒரே ஒரு முறை, ஒரு தோட்ட விடுதியில் ஆறு நாள் தங்கினேன். தென் அமெரிக்காவில், பொலிவியா நாட்டில், கொச்சபாம்பா என்ற ஊரில். அந்த ஆறு நாளைப் பற்றி எத்தனை தடவை பேசச் சொன்னாலும் பேசுவேன். வீட்டில் இப்போது யாரும் கேட்பதில்லை, அதனால் உங்களிடம் வந்திருக்கிறேன்.

மூன்று விஷயம் குறித்துக்கொண்டு வந்திருக்கிறேன். தோட்டம், சாப்பாடு, தண்ணீர். பதினைந்து நிமிடத்துக்குள் மூன்றும் அடங்குமா, பார்ப்போம்.

அவ்வளவு தூரம் எதற்குப் போனாய் என்று கேட்பீர்கள். என் பெண் பிரேசிலில் சாவ் பாவ்லோவில் வேலை பார்க்கிறாள். அவளைப் பார்க்கப் போனேன். "பக்கத்து நாடு, ஒரு வாரம் போய் வரலாம், எங்கே போகணும் சொல்லுங்கப்பா" என்றாள். பொலிவியா என்றேன். அவளுக்கு ஆச்சரியம். எனக்கு அதில் ஆச்சரியமே இல்லை. மல்லாட்டையின் தாய்நாடு அது.

இதைக் கொஞ்சம் சொல்லவேண்டும். மற்ற மாவட்டத்துக்காரர்கள் நிலக்கடலை, வேர்க்கடலை என்பீர்கள். எங்கள் பக்கம் மல்லாட்டை. மணிலாக்கொட்டை என்று சொல்லிச் சொல்லித் தேய்ந்து மல்லாட்டை ஆனது. மணிலா இருப்பது பிலிப்பைன்ஸில். ஸ்பெயின்காரர்கள் கப்பலில் அமெரிக்கக் கண்டத்துச் சரக்கை மணிலாவுக்குக் கொண்டுபோனார்கள். ஆக, நம் பயிர் வந்த பாதையில் பாதி அதன் பெயரிலேயே இருக்கிறது. மீதிப் பாதையைத் தேடிப் போனால் தெற்கு பொலிவியாவிலும் வடக்கு அர்ஜென்டினாவிலும் போய் நிற்கும். அங்கேதான் இரண்டு காட்டுச் செடிகள் கலந்து இந்தப் பயிர் பிறந்தது. டி.எம்.வி. 7 ரகத்தை விதை, 45-ஆம் நாள் ஜிப்சம் போடு, மண் அணை, அப்போதுதான் பூவிலிருந்து விழுது மண்ணுக்குள் இறங்கிக் காய் பிடிக்கும் என்று ஊர் ஊராகச் சொல்லித் திரிந்தவன், அதன் பிறந்த மண்ணை ஒருமுறையாவது மிதிக்கவேண்டாமா?

கிளம்பும் முன் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டு அட்டை வாங்கிக்கொண்டேன். அந்த அட்டை இல்லாமல் அங்கிருந்து திரும்பி வந்தால் நம் விமான நிலையத்திலேயே பிடித்துத் தனியாக வைத்துவிடுவார்கள். போகிறவர்கள் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, ஊர். கொச்சபாம்பா கடல் மட்டத்திலிருந்து 2,558 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஊட்டி 2,240. மறுபடியும் சொல்கிறேன், ஊட்டியைவிட உயரம், கிட்டத்தட்ட தொட்டபெட்டா உச்சி. ஆனால் மலை உச்சி மாதிரியே இருக்காது. நாலு பக்கமும் மலை, நடுவில் அகலமான சமவெளி, அதில் ஊர். அந்தப் பக்கத்துப் பூர்வகுடிகளின் கெச்சுவா மொழியில் 'கொச்சா பாம்பா' என்றாலே ஏரிச் சமவெளி என்று அர்த்தம். நாங்கள் போனது அக்டோபர். ஸ்வெட்டர், மஃப்ளர், குரங்குக் குல்லா எல்லாம் கட்டி எடுத்துப்போனேன். பகலில் எதையும் தொடவில்லை. நிரந்தர வசந்தத்தின் நகரம் என்று அந்த ஊர்க்காரர்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள். இப்படிப் பெயர் வைத்துக்கொண்ட ஊர்கள் அந்தக் கண்டத்தில் வேறேயும் உண்டு. இந்த ஊருக்கு அது பொருந்துகிறது.

விடுதியின் பெயரைச் சொல்லமாட்டேன், விளம்பரம் ஆகிவிடும். தெருவில் ஒரே மினிபஸ் இரைச்சல். ஆள் உயரத்துக்கு மேல் மதில், பழைய மரக்கதவு. அதைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனால் சத்தம் அப்படியே நின்றுவிடுகிறது. நடுவில் தோட்டம், சுற்றிலும் ஓட்டுக் கூரை போட்ட அறைகள், ஒவ்வொரு அறை வாசலிலும் ஒரு தாழ்வாரம், ஒரு மூங்கில் நாற்காலி. அவ்வளவுதான்.

மகள் ஒரு பட்டியல் வைத்திருந்தாள். மலைமேல் 34 மீட்டர் உயர ஏசு சிலை இருக்கிறது, ரியோவில் இருப்பதைவிடப் பெரியது, கேபிள் காரில் போகலாம். தகரத்தில் கோடி கோடியாகச் சம்பாதித்த பத்தீன்யோ என்பவர் கட்டிய மாளிகை இருக்கிறது. அப்புறம் உப்புப் பாலைவனம் உயூனி. நான் முதல் நாள் மாலை நாற்காலியில் உட்கார்ந்தவன் உட்கார்ந்தவன்தான். "அப்பா, இதுக்கா இவ்வளவு தூரம் வந்தோம்? திண்டிவனத்திலேயே உட்கார்ந்திருக்கலாமே" என்றாள். நியாயம்தான். ஆனால் எழுந்திருக்க முடியவில்லை. தோட்டத்தில் இருந்த எல்லாரும் தெரிந்தவர்களாக இருந்தார்கள்.

மதில்மேல் காகிதப்பூ. நம் ஊர் பள்ளிக்கூட வேலிகளில் எல்லாம் இருக்கிறதே, அதே காகிதப்பூ. அதன் பூர்வீகம் தென் அமெரிக்கா. மூலையில் ஒரு பெரிய மரம், மோய்யே என்கிறார்கள். இலை வேப்பிலை மாதிரி தொங்கும், கசக்கினால் மிளகு வாசனை. ஆனால் மிளகுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, மாமரத்தின் குடும்பம் அது. பாத்தியோரத்தில் அந்திமந்தாரை. என் அம்மா கிணற்றடியில் வைத்திருந்த அதே சிவப்பு. இங்கிலீஷ்காரர்கள் அதைப் பெருவின் அதிசயம் என்று கூப்பிடுகிறார்கள். நாமோ அதைப் பாட்டி வீட்டுச் செடி என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். மாலை நாலரைக்கு ஒவ்வொன்றாக விரிந்தது. அங்கே நாலரை என்றால் இங்கே நள்ளிரவு இரண்டு மணி. எங்கள் வீட்டுக் கிணற்றடிச் செடி நேற்றே விரிந்து, விடிந்தால் வாடப்போகிறது. நாற்காலியில் உட்கார்ந்து இந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டிருப்பது எவ்வளவு சுகம் தெரியுமா?

பறவை மட்டும் ஏமாற்றிவிட்டது. தேன்சிட்டு வந்திருக்கிறதே என்று நினைத்தேன். உட்காரவே இல்லை. பூவுக்கு முன்னால் அந்தரத்தில் அப்படியே நின்று குடித்தது, பின்பக்கமாகவும் பறந்தது. ஓசனிச்சிட்டு என்று அகராதியில் போட்டிருக்கிறார்கள். அது அமெரிக்கக் கண்டங்களைத் தவிர வேறெங்கும் கிடையாது. நம் தேன்சிட்டுக்கும் அதற்கும் உறவும் இல்லை. தேன் குடிக்கிற தொழில் ஒன்று, அதனால் மூக்கு ஒன்று.

இரண்டாம் நாள் மகள் தலையில் அடித்துக்கொண்டு தனியாக உயூனி கிளம்பிவிட்டாள். எனக்கு ஸ்பானிஷ் நாலு வார்த்தை. வரவேற்பில் இருந்த பையனுக்கு இங்கிலீஷ் வரும். மீதியைக் கையாலேயே பேசிக்கொண்டேன்.

இப்போது சாப்பாடு. இதைத்தான் நான் எல்லாரிடமும் சொல்வேன், கேட்டவர்கள் மன்னிக்கவும். சமையலறை தோட்டத்தைப் பார்த்துத் திறந்திருக்கும். சமைக்கும் அம்மாவுக்கு அறுபது வயது இருக்கும், இரட்டைப் பின்னல், கெச்சுவா பேசுகிறவர். வாசலில் ஒரு கல் கிடந்தது. பார்த்ததும் எழுந்து போய்விட்டேன், அம்மி! பத்தான் என்கிறார்கள். கீழ்க்கல் நம் அம்மி மாதிரியே தட்டையானது, அகலம் மட்டும் கூடுதல். மேல்கல்தான் வேறு. நம் குழவி உருளை, முன்னும் பின்னும் தள்ளி அரைப்போம். அது பாதி நிலா வடிவம். வளைந்த பக்கம் கீழே இருக்கும். இரண்டு முனையையும் இரண்டு கையால் பிடித்துக்கொண்டு, தொட்டில் ஆட்டுகிற மாதிரி இடமும் வலமும் சாய்க்கவேண்டும். கல்லின் எடையே அரைத்துவிடுகிறது, தோளுக்கு வேலையில்லை. நானும் ஆட்டிப் பார்த்தேன். அந்த அம்மா சிரித்த சிரிப்பில் நான் எப்படி ஆட்டினேன் என்று தெரிந்தது.

அதில் அரைப்பது லியாஹ்வா என்ற துவையல். தக்காளி, உப்பு, கிர்க்கின்யா என்ற ஒரு தழை, அப்புறம் லொக்கோத்தோ மிளகாய். லொக்கோத்தோ பார்ப்பதற்குச் சின்னக் குடைமிளகாய், சதை தடிமன், பூ ஊதா நிறம், உள்ளே விதை கருப்பு. கருப்பு விதை உள்ள மிளகாயை அதுவரை நான் கண்டதில்லை. ராமநாதபுரம் குண்டு மிளகாயைப் பச்சையாகக் கடிக்கிற ஆள்தானே என்று ஒரு துண்டு வாயில் போட்டேன். அதைப் பற்றி இங்கே வேண்டாம்.

மூன்றாம் நாள் காலை அந்த அம்மா பத்தானில் ஒரு வெள்ளை விழுது அரைத்துக்கொண்டிருந்தார். கிட்டே போய்ப் பார்த்தால் மல்லாட்டை. வறுக்காத பச்சைப் பருப்பு. நாம் துவையலுக்கு வறுத்துத்தானே அரைப்போம்? இவர்கள் பச்சையாகவே பால் மாதிரி அரைத்து, எலும்பு வேகிற சாற்றில் விட்டு, அடிப்பிடிக்காமல் கிண்டிக் கொதிக்கவைத்து சூப் செய்கிறார்கள். சோப்பா தே மனி. மேலே மெல்லியதாக வறுத்த உருளைக்கிழங்கு போடுவார்கள். கொச்சபாம்பாவின் சொந்தச் சாப்பாடு என்றே சொல்லலாம். அந்த அம்மா என்னைப் பார்த்துக் கெச்சுவாவில் ஏதோ சொன்னார். பையன் இங்கிலீஷில் மொழிபெயர்த்தான்: மத்தியானம் 'வீ' சாப்பிடுவோம்.

அடடா, விருந்து என்று நினைத்துக்கொண்டேன். பன்னிரண்டு மணிக்குக் கை கழுவிவிட்டு உட்கார்ந்தேன். பன்னிரண்டரை ஆனது. ஒரு மணி ஆனது. சமையலறையில் பேச்சும் தட்டுச் சத்தமும் கேட்கிறது, யாரும் கூப்பிடவில்லை. ஒன்றரைக்கு வெளியே போய் ஒரு ரொட்டி வாங்கித் தின்றேன். மனசுக்குக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது, மறைப்பானேன்.

மறுநாள் பையனிடம் மெல்லக் கேட்டேன். அவன் அந்த அம்மாவிடம் போய்க் கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டு வந்தான். கெச்சுவாவில் இரண்டு சொல் உண்டாம். கேட்கிறவரையும் சேர்த்துச் சொன்னால் ஞொக்கன்ச்சிக். சேர்க்காமல் சொன்னால் ஞொக்கய்க்கு. இங்கிலீஷில் இரண்டும் ஒரே 'வீ'தான், ஸ்பானிஷிலும் ஒரே சொல்தான். அவர் சொன்னது ஞொக்கய்க்கு, அதாவது வேலை செய்கிறவர்கள் சாப்பிடுவோம் என்று.

நேயர்களே, இது எனக்கு விளங்காமல் இருக்குமா? நாம், நாங்கள்! நமக்கு நாலு வயதுக் குழந்தைக்குத் தெரியும். நடுவில் இங்கிலீஷ் புகுந்து என் சூப்பைத் தட்டிவிட்டது. பையனுக்கு விளக்கினேன், எங்கள் மொழியிலும் அப்படித்தான் என்று. அவன் போய் அந்த அம்மாவிடம் சொன்னான். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நாம்" என்றேன். "ஞொக்கன்ச்சிக்" என்றார். "நாங்கள்" என்றேன். "ஞொக்கய்க்கு." அப்புறம் மத்தியானம் அவரே வந்து சமையலறை மேசையைக் காட்டி, வயிற்றைத் தட்டி, "ஞொக்கன்ச்சிக்" என்றார். இரண்டு கிண்ணம் குடித்தேன். ருசி எப்படி என்றால், மல்லாட்டையை அவித்துத் தின்னும்போது தோலுக்குள் கொஞ்சம் உப்புத் தண்ணீர் நிற்குமே, அதை உறிஞ்சுவோமே, அதையே ஒரு கிண்ணம் நிறையக் கொடுத்தமாதிரி.

ஐந்தாம் நாள் அவரோடு லா கான்ச்சா சந்தைக்குப் போனேன். ஏசு சிலைக்குப் போகவில்லை, சந்தைக்குப் போனேன். கோயம்பேடு எல்லாம் அதற்குள் அடங்கிவிடும்போல் தோன்றியது. வாங்குகிறவர் விற்கிறவரைக் கசேரா, அதாவது வாடிக்கைக்காரர் என்கிறார், விற்கிறவரும் வாங்குகிறவரைக் கசேரா என்கிறார். உருளைக்கிழங்கை நிறுத்துப் போட்டபிறகு அந்த அம்மா பையை விரித்துப் பிடித்துக்கொண்டு "யாப்பா" என்றார். இன்னும் இரண்டு கிழங்கு விழுந்தது. கொசுறு! கொசுறுக்குத் தனிச் சொல் வைத்திருக்கிற ஊரில் எனக்கு என்ன பயம்?

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து தம்பி இரண்டு விரலைக் காட்டுகிறார். தண்ணீர் இன்னும் பாக்கி. வேகமாகச் சொல்கிறேன்.

அந்த ஊரில் மழை சென்னையின் மழையில் பாதிகூட இல்லை. 1999-இல் ஊர்த் தண்ணீரை 40 வருடத்துக்கு தனியார் கம்பெனிகளின் கூட்டமைப்புக்குக் குத்தகை விட்டார்கள். தண்ணீர்க் கட்டணம் எகிறியது. சொந்தமாகத் தோண்டிய கிணறும் கையைவிட்டுப் போய்விடும் என்று பயம் வந்தது. ஊரே தெருவில் இறங்கியது, உயிரும் போனது, 2000 ஏப்ரலில் ஒப்பந்தம் ரத்தானது. தண்ணீர்ப் போர் என்று உலகம் முழுக்கப் பேசினார்கள். போரில் ஜெயித்தார்கள். ஆனால் தெற்குப் பகுதியில் பல பேட்டைகளுக்கு அதற்குப் பிறகும் குழாய் போகவில்லை, லாரித் தண்ணீரை விலைக்கு வாங்கிப் பீப்பாயில் நிரப்புகிறார்கள். அந்த அம்மாவின் வீடு அங்கேதான். நான் உட்கார்ந்திருந்த தோட்டத்துக்குக் காலையும் மாலையும் தோட்டக்காரர் குழாய் பிடித்துக்கொண்டு நின்றதை அதற்குப் பிறகுதான் கவனித்துப் பார்த்தேன்.

கடைசி நாள் காலையில் அவர் தண்ணீர் லாரியைப் பற்றி ஏதோ சொன்னார், பையன் இங்கிலீஷில் 'வீ' வாங்குகிறோம் என்றான். எந்த 'வீ' என்று கேட்டேன். ஞொக்கய்க்கு என்றான்.

நேரம் முடிந்துவிட்டதாம். வணக்கம்.