ஓல்டாமின் இயந்திரப் பட்டறை

நேயர்களுக்கு வணக்கம். பஞ்சாலை என்றதும் மான்செஸ்டர்தான் நம் வாயில் வரும். அதற்குப் பக்கத்தில் ஓல்டாம் என்றொரு ஊர். அங்கே பெரும்புள்ளிகளாக இருந்தவர்கள் ஆலைகளுக்கு மெஷின் செய்து கொடுத்த பிளாட் பிரதர்ஸ்.

ஆரம்பம் ஒரு கொல்லுப்பட்டறை. 1770 வாக்கில் டாப்கிராஸ் கிராமத்தில் ஹென்றி பிளாட் என்ற கொல்லர், பஞ்சைச் சிக்கெடுத்துச் சீவும் கார்டிங் மெஷின் செய்து விற்றார். பேரன் ஓல்டாமுக்கு வந்து எலைஜா ஹிப்பர்ட்டோடு கூட்டுச் சேர்ந்தார். 1844-ல் ஹார்ட்ஃபோர்டு தொழிற்சாலை எழுந்தது. நல்ல நேரம் அது! நூற்பு மெஷின்களை வெளிநாட்டுக்கு விற்கக் கூடாது என்றிருந்த தடை 1843-ல்தான் நீங்கியிருந்தது.

அவர்கள் செய்தவற்றில் பார்க்கப் பார்க்க அலுக்காதது மியூல் என்ற தானியங்கி நூற்பு மெஷின். சக்கரம் வைத்த நீளமான வண்டி. அதில் நூல் சுற்றும் கதிர்கள் நூற்றுக்கணக்கில். வண்டி ஐந்தடி வெளியே வரும்போது பஞ்சுத்திரி இழுபட்டு முறுக்கேறும். உள்ளே போகும்போது அந்த நூல் கதிரில் சுற்றிக்கொள்ளும். அறுந்த இழையை ஒட்டுவதற்காகச் சிறுவர்கள் வெறுங்காலோடு அதன் கூடவே நடப்பார்கள்.

1854-ல் கவாஸ்ஜி தாவர் பம்பாயில் தொடங்கிய ஆலைக்கும், 1867-ல் ஜப்பானின் ககோஷிமா ஆலைக்கும் மெஷின் போனது இங்கிருந்துதான். அமெரிக்க உள்நாட்டுப் போரால் பஞ்சு வராமல், ஓல்டாம் இருந்த லங்காஷயர் வட்டாரமே பட்டினி கிடந்தபோதும், பருத்தியிலிருந்து கொட்டையைப் பிரிக்கும் ஜின் மெஷின்களை விற்று பிளாட் பிழைத்துக்கொண்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் பத்தாயிரம் பேருக்கு மேல் அங்கே வேலை. நூல் விற்பவருக்குப் போட்டியாளர் என்றால் பயம். மெஷின் விற்பவருக்கோ அவரும் ஒரு வாடிக்கையாளர்தான். ஒரே ஊரில் இரண்டு கணக்கு.

1922-ல் கீசிரோ டொயோடா என்ற ஜப்பானிய இளைஞர் பிளாட்டுக்கு வந்து கொஞ்ச நாள் வேலை பழகினார். ஏழு வருடம் கழித்து, குறுக்கு நூலைக் கொண்டுபோகும் நாடாவை ஓடும்போதே மாற்றிக்கொள்ளும் டொயோடா குடும்பத் தறியின் உரிமையை ஒரு லட்சம் பவுனுக்கு வாங்க ஒப்பந்தம் போட்டது அதே பிளாட். அந்தப் பணத்தில்தான் டொயோட்டா கார் பிறந்தது என்பார்கள். நான் அதை முழுசாக நம்புவதில்லை. பிற்பாடு பிளாட் பேரம் பேசி விலையைக் குறைத்ததும் உண்டு.

அப்புறம் லங்காஷயர் நெசவாலைகள் அந்தத் தறியைப் பெரிதாக வாங்கவும் இல்லை. பட்டறை எப்படியோ 1982 வரை ஓடியது. வணக்கம்.