இந்த முறை தெரு உயரவில்லை, ஆனால் என் கேட்?

வணக்கம். மேற்கு மாம்பலத்தில் எங்கள் தெருவுக்கு நேற்று இரவு புதுத் தார் போட்டார்கள். என் அளவு நாடாவைக் கேலி செய்யும் அனைவரும் இன்று சற்றுப் பொறுமையாகக் கேட்கவேண்டும்.

1987இல் அப்பா இந்த வீட்டைக் கட்டியபோது தெருவிலிருந்து திண்ணைக்கு மூன்று படிகள் ஏறவேண்டும். பழைய தாரின் மேலேயே புதுத் தாரை ஊற்றி ஊற்றித் தெரு உயர, வாசலில் தண்ணீர் தேங்காமலிருக்க நாங்களும் சிமெண்டு போட்டு உயர்த்த, இன்று மிஞ்சியிருப்பது ஒரே படி. 2015 டிசம்பரில் கூடத்துக்குள் வந்த தண்ணீர் அந்த ஒரு படியைத் தாண்டித்தான் வந்தது. பழைய தாரைச் சுரண்டி எடுத்த பிறகே புதிதாகப் போடவேண்டும் என்று அன்றைய தலைமைச் செயலாளர் இறையன்பு 2021 மே மாதத்தில் அறிவுறுத்தியபோது நான் மகிழ்ந்தேன், ஆனால் எங்கள் தெருவரை அது வரும் என்று நம்பவில்லை.

அந்த அவநம்பிக்கைக்கு நான் கொடுத்த விலை 4,200 ரூபாய். எங்கள் கேட் வெளிப்பக்கம் திறப்பது. தெரு உயர்ந்தால் தாரில் உரசும் என்று அஞ்சி, போன வாரமே அதன் அடியை வெட்டச் சொன்னேன். இரண்டு அங்குலம் போதும் என்றேன். பட்டறைக்காரரோ, அடுத்த முறைக்கும் சேர்த்து என்று நான்கு அங்குலம் வெட்டிவிட்டார். வேலை அரை மணி நேரம், கூலி 3,800. மூன்றாவது தெருவிலிருந்து கருவிகளைக் கொண்டுவர வண்டிச் சத்தம் 400. அந்த 400 ரூபாயை என்னால் மன்னிக்கவே முடியவில்லை.

நேற்று இரவு பத்து மணிக்கு மில்லிங் இயந்திரம் வந்தது. பற்கள் பதித்த உருளை சுழன்று தாரைப் பெயர்க்க, பெயர்ந்தது பட்டை வழியாக நேரே லாரியில் விழுந்தது. என்ன அழகான இயந்திரம்! சொல்ல மறந்துவிட்டேன், சுரண்டிய பிறகு பாதாளச் சாக்கடை மூடி மட்டும் மேடாக நின்றதால் ஒரு ஸ்கூட்டர்காரர் தடுமாறினார், நல்லவேளை, விழவில்லை. பிறகு தரையைப் பெருக்கி, புதுத் தார் ஒட்டிக்கொள்வதற்கான கரைசலைத் தெளித்து, சூடான கலவையைப் பரப்பி, உருளை ஓட்டினார்கள்.

காலை ஆறு மணிக்கு நாடாவுடன் இறங்கினேன். படியின் உயரம் ஏழு அங்குலம். சுரண்டுவதற்கு முன்பு சுவரில் பென்சிலால் குறித்து வைத்திருந்த அதே ஏழு அங்குலம்! எதிர்வீட்டு மாமியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் படியைப் பார்க்கவில்லை, என் கேட்டின் அடியைப் பார்த்தார். அந்த இடைவெளி வழியாக ஒரு பெருச்சாளி சாவகாசமாக உள்ளே போய்க்கொண்டிருந்தது.

அடியில் தகடு வைத்து அடைக்க அதே பட்டறைக்காரர் 2,600 ரூபாய் கேட்கிறார். வண்டிச் சத்தம் தனியாம்.